கல்யாண மண்டபத்தில் ஒரு கேம்ப் அறை

வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் எனக்கு உறக்கம் போனது. ஏசி டக்ட் மாட்டுகிற வேலை. தலைமயிர் கருகருவென்று இருந்தபோது போனவன், வழுக்கையோடு வந்து, வடகரையில் நானே பணம் அனுப்பிக் கட்டிய வீட்டில் இறங்கினேன். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நானும் என் மனைவியும்தான். இத்தனை வருஷமும் போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, எப்போது வந்து சேருவீர்கள் என்பது. அப்படிக் காத்திருந்தவளுக்கு, ராத்திரி முழுக்க ஹாலில் நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆள் வந்து சேர்ந்தான்.

அவள் சும்மா இருக்கவில்லை. சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐந்தருவியில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, தண்ணீர் முதுகில் அடிக்க அடிக்க நின்றேன். குளித்துவிட்டு வந்தவர்களெல்லாம் வேனுக்குள் வாயைப் பிளந்து உறங்குகிறார்கள். நான் மட்டும் ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு வீடு வந்தேன். எங்கள் ஊர்க் காற்று மேலே பட்டால் செத்தவன் கூடக் குறட்டை விடுவான் என்று வளைகுடா ரூமில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். அந்தக் காற்று இப்போது ஜன்னல் வழியாக வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. பக்கத்தில் அவள் புரண்டு படுத்தால் தூக்கிவாரிப் போடுகிறது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் அப்பளம் எனக்கு, பெரிய மீன் துண்டு எனக்கு. லீவில் வந்தவனுக்குச் செய்த உபசாரத்தை அவளாலும் நிறுத்த முடியவில்லை. தெருவில் போனாலோ, பார்க்கிறவனெல்லாம் அடுத்து எப்போது பயணம் என்கிறான்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. தென்காசியில் சும்மா கிடந்த ஒரு மண்டபத்தை, சென்னையிலிருந்து வந்த ஓவியக்காரப் பெண் ஒருத்தி அந்த மாதத்துக்கு எடுத்திருந்தாள். வளைகுடாவில் தொழிலாளிகள் தங்கும் கேம்ப் அறை ஒன்றை அப்படியே செய்து வைத்திருக்கிறாளாம், யாரும் போய்ப் பார்க்கலாமாம். கேள்விப்பட்டதுமே எனக்குக் கோபம். ஏசியில் பிறந்து ஏசியில் வளர்ந்த பிள்ளைக்குக் கேம்பைப் பற்றி என்ன தெரியும்? குற்றம் கண்டுபிடிக்கவென்றே மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் தகர அறை நின்றது. உள்ளே இரட்டை அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில்களைச் சுற்றிப் பழைய லுங்கியும் போர்வையும் திரையாகத் தொங்கின. ஜன்னல் ஏசி ஒன்று கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஆண்கள் வீட்டுக்குப் போன் பேசும் குரல்கள், அடுத்தவன் உறக்கம் கெடாமல் அடங்கிய குரலில், மலையாளத்தில், இந்தியில், வங்காளியில், நம் தமிழில். சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா, சரி வைக்கட்டுமா. அந்தப் பெண்ணின் அப்பா இப்படி ஒரு அறையில்தான் இருந்தாராம். அவர் ரூமுக்கு இவள் போய்ப் பதிவு செய்த குரல்களாம். மூலை மூலையாகத் தேடினேன். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அனுப்பிய போட்டோக்களில் எனக்குப் பின்னால் கடல் இருக்கும், பெரிய பெரிய கட்டடம் இருக்கும், கட்டில் இருந்ததே இல்லை. இத்தனூண்டு இடத்திலா படுத்தீர்கள் என்று கேட்டாள். இதில் என்ன கஷ்டம் என்று காட்டுவதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். கை தானாகத் திரையை இழுத்து மூடியது.

கண் விழித்தபோது சாயங்காலமாகிவிட்டது. மத்தியானம் முழுக்க உறங்கியிருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் என்னைச் சம்பளத்துக்குப் படுக்க வைத்த ஆள் என்று நினைத்துத் திரையை விலக்கிப் போட்டோ எடுத்தார்களாம். எழுப்ப வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

“வீட்ல நீங்க இப்படி உறங்கி நான் ஒரு நாளும் பாத்ததில்ல,” என்றாள்.

வேறொரு குடும்பம் வைத்திருந்தவன் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி நின்றேன்.

மறுநாள் காலையில் அவளே தூக்குவாளியில் சோறு கட்டி, போய்விட்டு வாருங்கள் என்று பஸ்ஸுக்கு அனுப்பினாள். வெட்கத்தை விட்டுப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். தென்காசியில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ஏதோ ஒரு பொய் சொன்னேன். ஆடி முடியும் வரைக்கும் பகலெல்லாம் அந்தத் தகர அறையில், யார் யாரோ அவரவர் வீட்டோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டே உறங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் சோறு போடுவாள், உறங்கினீர்களா என்று கேட்பாள். உறங்கினேன் என்பேன். நான் திரும்பி வந்ததே அவளுக்குச் செய்த கெடுதல் என்று அந்த நாட்களில்தான் எனக்கு உறைத்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். அறையைக் கழற்றி, அடுத்த காட்சிக்காகக் கொச்சிக்குக் கொண்டு போகிறார்கள் என்றதும், அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொள்ள மனைவியும் என்னோடு வந்தாள். அந்தப் பிள்ளைக்கென்று முறுக்கு சுட்டுக் கொண்டு வந்திருந்தாள். கட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நான் படுத்த கட்டில் கடைசியாகப் போனது. ஓட்டுநர் கதவை அடைத்ததும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் இது கூடப் போறீயளா?”

வேடிக்கை என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஊருக்கு வந்துவிடுங்கள் என்று இத்தனை வருஷம் கெஞ்சியவள், சோறு வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் லாரியைப் பார்த்தேன். இல்லை என்று வாய் திறந்தபோது அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழி போயிருந்தாள்.