ரெண்டு லிட்டர் இன்ஜினும் மிதியக்காவின் காலும்

அந்தக் கார் கம்பெனியின் சோதனை ஓட்டப் பிரிவில் எல்லோருக்கும் அவர் மிதியக்கா. ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் அவருடைய வேலை. ஊரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும்தான் மிதிக்கிறார்கள், இதற்கு ஒரு பட்டமா என்று கேட்கிறவர்கள், ஒருமுறையாவது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது இன்ஜினாக இருந்தாலும், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு மிதியக்கா அதைப் பின்பக்கத்து மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். மேட்டுக்கு முன்னால் ஒரு குறுகலான வளைவு. அதில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரே மிதி. வேகமாக ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவது பெரிய விஷயமில்லை. சுற்று குறைந்து, இன்ஜின் தூங்கி வழிகிற நேரத்தில் எழுப்பினால் எழுந்து வருகிறதா என்பதுதான் விஷயம். மேலே போய் இறங்கி, மிதியக்கா ஒரே ஒரு சொல் சொல்வார். "இழுக்குது" என்பார், இல்லையென்றால் "இழுக்கல" என்பார். ஏன், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. சொன்ன சொல்லை அவர் மாற்றியதும் இல்லை, மாற்ற வேண்டிய நிலைமை வந்ததும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியின் பெருமையான, கடையில் யாரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரை மறுபடி வடிவமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பழைய காரில் மூன்றரை லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர். காலை வைத்தால் போதும், கேள்வி கேட்காமல் கிளம்பும். புதியதில் இரண்டே லிட்டர், நாலு சிலிண்டர், கூட ஒரு டர்போ. புகையைக் குறைக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், பெட்ரோல் செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் சக்தி மட்டும் குறையக் கூடாது என்று மேலிடத்தில் ஆசைப்பட்டார்கள். ஆசைக்கு என்ன, யாரும் படலாம். அதைச் செய்து காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இன்ஜின் பிரிவின் தலைமை எஞ்சினியர். பேச்சுக்குப் பேச்சு "ரெண்டு லிட்டர் போதும், ரெண்டு லிட்டர் போதும்" என்று சொன்னதால், அவருக்கு ரெண்டு லிட்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மிதியக்காவுக்கு மனசே ஆறவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர், "யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆறு சிலிண்டர் போயிடுச்சு."

"அடுத்தது பொறக்கப் போகுதுல்ல, சாப்பிடு" என்றார் அவர். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

அடுத்தது பிறக்க வருஷக்கணக்காயிற்று. ஒருநாள் ரெண்டு லிட்டர் மிதியக்காவைச் சோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிய இன்ஜின் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பால் கேனைப் படுக்கப் போட்ட அளவுதான் இருக்கும். அதன் விலாப்புறத்தில் நத்தை ஓடு போல ஒரு சின்ன இரும்பு.

"அதுதான் டர்போ. வெளிய போற புகையாலயே உள்ள ஒரு சக்கரத்தைச் சுத்த விடுறோம்க்கா. அது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள திரும்பத் திணிக்குது. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல."

"லட்சமா?"

"லட்சத்துக்கு மேல. விளக்கை அணைங்க" என்று உதவியாளரிடம் சொன்னார்.

அறை இருண்டது. அந்த நத்தை ஓடு தணலாகச் சிவந்து ஒளிர்ந்தது. இரும்பு இரும்பாகவே இருந்துகொண்டு இப்படிச் சிவக்க முடியும் என்பதை மிதியக்கா அன்றுதான் கண்ணால் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சக்கரம், வேண்டாம் என்று வெளியே தள்ளிய புகையைப் பிடித்து வேலை வாங்குகிறது. இத்தனை வருஷம் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தியவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். மூன்றரை லிட்டருக்காகத் தான் துக்கம் கொண்டாடியதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த வாரமே மேட்டில் ஏற்றிப் பார்த்தார். வளைவில் வண்டியைத் தவழ விட்டு, ஏற்றத்தின் அடியில் மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பழைய ஆறு சிலிண்டருக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததில்லை, சொல்லப்போனால் ஒரு பங்கு கூடுதல். மேலே போய் இறங்கியதும் "இழுக்குது" என்றார். ரெண்டு லிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். ஆறு வருஷ உழைப்பு அந்த ஒற்றைச் சொல்லில் கரை சேர்ந்தது. தயாரிப்புக்குத் தேதி குறித்தார்கள்.

அதற்கு முன் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊழியர்களின் குடும்பங்களைக் கம்பெனிக்குள் அழைத்திருந்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள், ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், புதுக் காரை உள் பாதையில் ஒரு சுற்று ஓட்டலாம். மிதியக்காவின் நாத்தனார் வந்திருந்தாள். தபால் அலுவலகத்தில் கவுண்டரில் வேலை. நாற்பது வயதுக்கு மேல் கார் கற்றுக்கொண்டவள். இண்டிகேட்டர் போட்டுவிட்டு, அதைப் போட்டோமா என்று இன்னொரு தடவை பார்க்கிற ரகம். அவளை ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார வைத்ததே ஒரு வேடிக்கை. மிதியக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

வளைவு வந்தது. நாத்தனார் பிரேக்கை அழுத்தி, வண்டியை அநேகமாக நிறுத்தியே விட்டாள். மேட்டின் அடியில் மிதியக்கா, "இப்ப நல்லா மிதி" என்றார்.

மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி ஏற்றத்தில் முனகிக்கொண்டு நின்றது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுகிற நேரம். அப்புறம் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பாய்ந்தது. நாத்தனார் அலறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"நான்தான் தப்பா மிதிச்சிட்டேனோ அண்ணி?"

"புது வண்டில்ல, பழகிடும். இன்னொரு தடவை பண்ணு."

இன்னொரு தடவையும் அதேதான். மூன்றாம் தடவை மிதியக்கா இடம் மாறி உட்கார்ந்து ஓட்டினார். வெண்ணெயாக ஏறியது. நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. மேட்டின் உச்சியில் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இந்த வண்டி ஆகாது அண்ணி. எங்க ஆபீஸ் சந்துலேருந்து மெயின் ரோட்டுல திரும்புற இடத்துல இப்படி ஒரு நொடி நின்னுச்சுன்னா, பின்னாடி வர்ற லாரி மேல ஏறிடும். ஆனா நீங்க எப்படித்தான் பண்றீங்களோ. வளைவு முடியறதுக்கு முன்னாடியே உங்க கால் லேசா அழுத்திடுது."

"நானா? மேட்டுக்கு வந்தப்புறம்தான அழுத்துனேன்."

"இல்லண்ணி. நான் உங்க காலையேதான் பாத்துட்டிருந்தேன், கத்துக்கலாம்னு."

மிதியக்கா மறுபடி ஓட்டினார், இந்தத் தடவை சாலையைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்துக்கொண்டு. உள் பாதையில் வேறு வண்டி இல்லை என்பதால் பிழைத்தார்கள். நாத்தனார் சொன்னது நிஜம். மனசு 'இப்போது' என்று சொல்வதற்கு முன்பே, வளைவின் பாதியிலேயே, கால் நூலளவு இறங்கியது. சின்ன இன்ஜின், சுற்றுக் குறைவு, புகை போதவில்லை, டர்போ எழுந்திருக்க நேரமாகும் என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது. அவரைக் கேட்காமல் அது முன்கூட்டியே டர்போவை எழுப்பி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி மேட்டுக்காகக் காத்திருந்திருக்கிறது. இன்ஜினின் குறையை மூடி மறைத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்தான்.

காரில் இருந்தது இரண்டு பேர்தான். நாத்தனார் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு சமாதானமாகி, குடும்பத்தாருக்கு வைத்திருந்த ஐஸ்கிரீமைத் தேடிப் போய்விட்டாள். மிதியக்கா வாயைத் திறக்காவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. கார் வெளியே வரும், நாத்தனாரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள், ஆயிரக்கணக்கான சந்துகளிலிருந்து திரும்புவார்கள். வாயைத் திறந்தால், ரெண்டு லிட்டரின் ஆறு வருஷம் தெருவில் நிற்கும். அதோடு, ஒருமுறைகூடத் தப்பாத மிதியக்கா என்று இனி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது என்பதை அவர் தனக்குத்தானே ஒத்துக்கொண்டார். அதை நினைத்துக் கோபமும் வந்தது.

மறுநாள் காலையில் நேராக ரெண்டு லிட்டரின் அறைக்குப் போனார். அவர் மேஜையில் அந்த டர்போச் சக்கரத்தின் மாதிரி ஒன்றைப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். மிதியக்கா நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா இருக்கேக்கா."

"கம்ப்யூட்டர் எங்கேருந்து கணக்கெடுக்குது?"

"நீங்க பாதிக்கு மேல மிதிச்ச இடத்துலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

அவர் பழைய ஓட்டங்களைத் திரையில் கொண்டுவந்தார். மிதியின் கோடு தட்டையாக வந்து சட்டென்று செங்குத்தாக ஏறியது. அந்த ஏற்றத்துக்கு முன்னால், தட்டையான இடத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் புடைப்பு. அடுத்த ஓட்டத்திலும் அதே இடத்தில் அதே புடைப்பு. போன வருஷத்து வண்டியிலும் இருந்தது. அதற்கும் முந்தைய வண்டிகளில் ஒன்றையும் அவர் விடவில்லை. எல்லாவற்றிலும் இருந்தது.

"ரோட்டுல குலுங்குறதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அக்கா, இதை ஒரு மிஷினால செய்ய வைக்க நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா? உங்க கால் சும்மா செய்யுது. உங்களுக்கே தெரியாம செய்யுது." பயமும் பக்தியுமாக அவர் மிதியக்காவின் செருப்புக் காலைப் பார்த்தார். மிதியக்காவும் குனிந்து பார்த்தார். யாரோ ஒருத்தியின் கால் மாதிரி இருந்தது.

ரெண்டு லிட்டர் மேஜைமேல் இருந்த சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "இந்த ஒரு தடவை பேசாம இருந்துடலாமாக்கா? அடுத்த மாடல்ல சரி பண்ணிடறேன்."

மிதியக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நேற்று முழுக்க அதே கேள்வியைத் தானும் கேட்டுக்கொண்டவர்தானே.

"சொன்னதை மாத்துற வழக்கம் இங்க இல்ல. இன்னைக்கு மாத்துறேன்பா. இழுக்கல."

அந்த வாரம் மீட்டிங்கில் அவர் பட்ட பாட்டை விவரிப்பானேன். இத்தனை நாள் மூக்கின் மேல் விரல் வைத்தவர்களே அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு அதிகாரி, வயசாகிவிட்டது என்பதை ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மிதியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு விஷயம் கேட்டார். இனிமேல் மேட்டில் தான் ஓட்டக் கூடாது, தன் காலை நம்ப முடியாது, அதற்கு மறக்கச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. பந்தயம் தெரியாத, சந்துக்குள் கார் ஓட்டுகிற சாதாரண ஆட்கள் மிதிக்கட்டும். தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். டிரைவர் சீட்டைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, படியில் இறங்குவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

தயாரிப்புத் தேதி தள்ளிப்போயிற்று. ரெண்டு லிட்டர் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் சோதனை அறையிலேயே குடியேறினார். இன்ஜினைப் பெரிதாக்கு என்று எல்லோரும் சொன்னார்கள், அதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கொஞ்சப் புகைக்கே சுழலும்படி டர்போச் சக்கரத்தை இன்னும் சின்னதாக்கினார், எடையைக் குறைத்தார். நாலு சிலிண்டரின் புகையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இரண்டு பாதையாகப் பிரித்து அதன்மேல் விட்டார். உச்ச வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார்.

மறுபடி மேட்டுக்கு வண்டி வந்த அன்று, டிரைவர் சீட்டில் நாத்தனார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், சரிசெய்ததை இன்னொரு தடவை சரிசெய்தாள். மிதியக்கா பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தூரத்தில் ரெண்டு லிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வளைவுக்குள் வண்டி தவழ்ந்தது. பாதி வளைவிலேயே மிதியக்காவின் வலது கால் தானாக இறங்கி அழுத்தியது. அங்கே மிதி இல்லை, வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது. பக்கத்தில் நாத்தனாரின் கால் அப்பாவியாக, அழுத்தாமல், மேட்டின் அடி வரும் வரைக்கும் காத்திருந்தது. வந்ததும் மிதித்தாள்.

வண்டி கேட்டவுடன் கொடுத்தது. முனகவில்லை, தயங்கவில்லை. இரண்டே லிட்டர், அடி மட்டத்திலிருந்து ஒரே இழுப்பாக அவர்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. மிதியக்காவின் முதுகு சீட்டில் பதிந்தது. கால் ஒன்றும் செய்யாமல் விரிப்பின் மேல் கிடந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சரியா மிதிச்சேனா அண்ணி?"

"இரும்மா" என்றார் மிதியக்கா. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு இன்ஜின் என்னை இழுத்துட்டுப் போகுது."