பூட்டரசனின் கோட்டைக் கதவு

நான்காம் வகுப்புப் படிக்கும்போது நான் பூசாரியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும். மற்ற நாட்களில் கணக்குப் பாடத்தில் முழி பிதுங்கும் சாதாரணப் பெண்தான்.

இதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அப்புச்சியின், அதாவது எங்கள் தாத்தாவின், பனியன் கம்பெனியைக் கவனித்துக்கொள்ளத் திருப்பூருக்கே திரும்பி வந்தவர், கூடவே ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் சுருக்குப்பை நிறையப் பகடைகளையும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பகடைக்கு இருபது முகம். மாமா கதை சொல்வார், நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் போவோம். இன்னது செய்கிறேன் என்று நாங்கள் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இருபது விழுந்தால் கட்டாயம் பலிக்கும். கம்பெனி கட்டிங் டேபிள்தான் எங்கள் உலகம். சட்டைப் பொத்தான்கள்தான் நாங்கள்.

புத்தகத்தில் இருந்த சாமிகளின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. உனக்கு வேண்டிய சாமியை நீயே உண்டாக்கிக்கொள் என்று மாமா சொல்லிவிட்டார். அப்படி வந்தவர்தான் நூல் கோனுக்குள் குடியிருக்கும் நூலப்பன். பேய்களுக்கும் பஞ்சமில்லை. வேஸ்ட் துணி மூட்டைகளுக்குள் முனகிக்கொண்டு ஒரு கூட்டம் இருந்தது. ஆற்றில் தினம் ஒரு நிறத்தில் வரும் மோகினி ஒருத்தி இருந்தாள். சாயத் தண்ணீர் ஓடும் எங்கள் ஊர் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

எல்லாரையும் விடக் கொடியவன் பூட்டரசன். உலகத்தில் உள்ள கதவுகளையெல்லாம் பூட்டிச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். சிரிக்கவே மாட்டான். பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவான். மாமா அவனாகப் பேசும்போது எனக்கு முதுகு சில்லிடும். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும், அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை. கம்பெனிச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அப்புச்சி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் அண்ணன் போர்வீரன். மூன்றாவது ஆள் செக்கிங் அக்கா. கம்பெனியில் பனியன்களைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர்கள். சர்ச்சுக்குப் போன கையோடு நேராக விளையாட வருவாள். விளையாட்டில் அவள் வில்லாளி. சாமி மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் ஒரு சாமியிடம் போய்விட்டு மத்தியானம் இன்னொன்றை வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லையாம். பகடையை உருட்டும் முன் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் பகடைக்குத் திருநீறு பூசுவேன். கம்பெனி லீவு நாளில் அவளுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாமா தன் பகடையை மட்டும் ஒரு அட்டைப்பெட்டி மூடிக்குப் பின்னால் உருட்டுவார். ஒருமுறை மோகினி என்னை ஆற்றுக்குள் இழுத்தாள். மாமா உருட்டினார், பார்த்தார், "தப்பிச்சுட்டே கண்ணு" என்றார். மூடிக்கு மேலாக எட்டிப் பார்த்த அண்ணன் குதித்தான். "மோகினிக்கு இருபது உழுந்திருக்குதுங்க மாமா. தங்கச்சி செத்துட்டா. பொய் சொல்றீங்க."

"மூடிக்குப் பின்னால உழுகறது எனக்கும் சாமிக்கும் மட்டுந்தான் தெரியோணும்" என்று மாமா பகடையை எடுத்துக்கொண்டார். நான் பிழைத்ததில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

பூட்டரசன் கோட்டைக்கு ஒரு நாள் நடை பாக்கி இருந்தபோது வீட்டில் சண்டை வந்தது. மாமா செக்கிங் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்புச்சி இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"வேற சாமி கும்பிடற ஊட்டுல பொண்ணெடுக்கற பழக்கம் நம்மளுக்கு இல்லை."

அதோடு அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது நின்றது. மாமா பெங்களூருக்கே போய்விடுவதாக அம்மாவிடம் சொன்னார். அக்காவை அவள் அப்பா ஊருக்குத் திருப்பி அழைத்துப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். நானும் அழுதேன், கோட்டை வாசல் வரை வந்து விளையாட்டு நின்றுபோகிறதே என்று.

கடைசியில் அப்புச்சிதான் இறங்கி வந்தார், அல்லது அப்படித் தோன்றியது. "கோயல்ல பூப் போட்டுக் கேக்கலாம். சாமி உத்தரவு குடுத்துட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, இழுபறி என்றால் இதுதான் வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அப்புச்சி பழியைச் சாமி தலையில் போடப் பார்க்கிறார் என்று அம்மா முணுமுணுத்தாள்.

குண்டடம் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு வேன் வைத்துப் போனோம். பூசாரி வெள்ளை நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தட்டில் கொண்டுவந்தார். அப்புச்சி தட்டை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க பூசாரி, நானே கட்டிப் போடறனுங்க."

"அதுக்கென்னங்க, கட்டுங்க."

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூண் ஓரமாக நின்று வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கட்டினார். பனியன் பண்டல் கட்டிப் பழகிய கை, ஆனாலும் அன்றைக்கு வெகு நேரமானது. பொட்டலங்களைப் பூசாரி வாங்கிக் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பேரில் நான்தானே முறைப்படி பூசாரி. நூலப்பனை வேண்டிக்கொண்டு இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். பிரித்தால் நந்தியாவட்டை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பூசாரி மற்றொன்றை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அப்புச்சி எடுத்துவிட்டார். "உத்தரவு ஆயிருச்சுங்க, இதைய எதுக்குப் பிரிச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, கால் கழுவப் போகிறபோது அதை வேப்பமரத்தடியில் வீசிவிட்டுப் போனார்.

பூசாரியானவள் புனிதப் பொருட்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது. சிவப்புப் பூ வெள்ளையாகிவிட்டது. என் வேண்டுதலுக்கு நூலப்பன் செய்த அற்புதம் அது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை, அற்புதத்தை ஆட்டத்தில்தான் அறிவிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டேபிளைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்று அறிவித்தேன். என் பூசாரிக்கு ஒரு புது சக்தி தர வேண்டும் என்றும் கேட்டேன். மாமா பகடையைக் கீழே வைத்தார்.

"ரெண்டுலயும் வெள்ளையா கண்ணு?"

"ஆமாங்க மாமா. அப்புச்சி தூக்கி வீசுனதுல."

மாமா எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் அப்புச்சி வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். அக்கா ஒரு பொத்தானை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அவள் கண் நிறைந்திருந்தது. ஆட்டம் எப்போது ஆரம்பிக்கும் என்று நான் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த மாமா கதையை விட்ட இடத்தில் தொடங்கினார். கோட்டைக்கு வந்துவிட்டோம். கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே பூட்டரசன் எழுந்து வந்து, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து எங்கள் முன்னால் வைக்கிறான்.

"அப்ப சண்டை?" என்றான் அண்ணன்.

"சண்டை இல்லை தம்பி."

"நான் வில்லக் கீழ வச்சிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போடுதேன்" என்றாள் அக்கா.

வில்லனுக்குப் போய் 'அவரு'. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை வாரம் காத்திருந்தேன் இவனைக் கொல்ல. நூலப்பன் பேரால் அடிக்கிறேன் என்று கத்திவிட்டுப் பகடையை உருட்டினேன். எல்லாரும் பார்க்க, டேபிளுக்கு நடுவில், இருபது விழுந்தது.

மாமா அதைப் பார்த்தார். "அடி படலை கண்ணு" என்றார்.

மூடியும் இல்லை, மறைவும் இல்லை. பட்டப்பகலில் இருபதைப் பார்த்துக்கொண்டே சொன்ன பொய். பொத்தான்களையெல்லாம் கலைத்துவிட்டு அழுதுகொண்டே கேட்டுக்கு ஓடினேன். அப்புச்சி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடுப்புச் சாவி என் தொடையில் குத்தியது.

"ஏன் கண்ணு அழுகறே?"

"மாமா பொய்யாட்டம் ஆடறாங்க அப்புச்சி. உழுந்தது ஒண்ணு, சொல்றது ஒண்ணு."

அப்புச்சி இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கம்பெனி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மாமனுக்கு இந்தப் பழக்கமெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை சாமி" என்றார்.

பெங்களூரில்தான் கெட்டுப்போயிருப்பார் என்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.