ரெண்டே முக்கால் கிலோ

இரும்புக்கடை வாசலில் தொட்டில் ஸ்பிரிங் தொங்குவதைக் கண்டால் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. ஒருமுறை இழுத்து விட்டுப் பார்ப்பேன். வியாபாரம் வந்துவிட்டதென்று கடைக்காரர் எழுந்து வருவார். என் நரையைப் பார்த்துவிட்டு, பேரனுக்கா பேத்திக்கா என்று மரியாதையாகக் கேட்பார். யாருக்கும் இல்லை, எவ்வளவு விறைப்பு என்று பார்த்தேன் என்பேன். அவர் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவார். இந்த விஷயத்தில் நான் ஒரு நிபுணர் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

அந்த நிபுணத்துவம் ஒன்பதாம் வகுப்பில் வந்தது. மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். அடுத்த வீட்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி. சித்தப்பாவுக்குத் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளத்தில் படித்து, இரண்டிலும் பாரபட்சமில்லாமல் பிழை செய்துகொண்டிருந்தேன். ஆகவே பேச்சு அதிகம் தேவைப்படாத பௌதிகத்தில் பெரிய ஆளாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

டீச்சர் எங்களை ஆளுக்கொரு ஸ்பிரிங்கைத் தேடிப்பிடித்து, அதன் விறைப்பை அளந்து வரச் சொன்னார். எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். எடையைக் கூட்டிக் கூட்டிக் குறித்துக்கொண்டே போனால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து நிற்கும். கோடு படுத்திருந்தால் ஸ்பிரிங் விறைப்பு, நிமிர்ந்திருந்தால் தொளதொளப்பு. மனிதர்களுக்கு நேர்மாறு. எடையை எடுத்ததும் எதுவும் நடக்காததுபோலப் பழைய இடத்துக்குத் திரும்புவதுதான் நல்ல ஸ்பிரிங் என்றும் சொன்னார்.

பெரிய ஸ்பிரிங் ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சித்தி வீட்டுப் பரணில், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல். சித்திக்கு ஏழாம் மாதம் நடந்தபோது சித்தப்பா ஆசையாக வாங்கி வந்தது. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டக்கூடாது என்று அம்மாதான் அதைப் பரணில் ஏற்றவைத்தாள். மழைக்காலத்தில் சித்தியைப் பிரசவத்துக்கு எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு பேராகப் போனவர்கள் இரண்டு பேராகவே படகில் திரும்பி வந்தார்கள். பிள்ளை அழவே இல்லையாம். அதற்குமேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தியிடம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

நான் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றித்தான் கேட்டேன். சட்டப்படி அது வேறு விஷயம்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கிள்ளாத அக்கா. சும்மாதானே கிடக்குது” என்று சித்தி ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

உத்தரத்தில் சுவரோரமாக ஒரு கொக்கி இருந்தது. அதில் ஸ்பிரிங்கை மாட்டி, தன் பழைய சேலை ஒன்றைத் தூளியாகக் கட்டினாள். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அம்மா வாசலில் நின்று முணுமுணுத்தாள். வெறும் தொட்டில் இல்லையம்மா, உள்ளே எடைக்கல் இருக்கும் என்று தெளிவுபடுத்தினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

எடைக்கற்களை மூலை மளிகைக்கடைச் சேட்டன், மத்தியானம் கடை சாத்தும் நேரத்துக்கு மட்டும் தந்தார். ஆராய்ச்சியில் தேய்ந்துபோகாமல் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை.

தூளியின் அடி நின்ற இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டேன். அது பூஜ்யம். அரைக் கிலோவுக்கு ஸ்பிரிங் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கிலோவுக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. பிறகு ஒழுங்குக்கு வந்து, கூட்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் நாலு நாலாக இறங்கியது. ஆனால் வேலை ஓடவில்லை. சித்தி என்னைக் கல்லை வைக்கவே விடவில்லை. ஒவ்வொன்றையும் என் கையிலிருந்து வாங்கி, அடியில் ஒரு கை கொடுத்து, சேலை மடிப்புக்குள் மெல்ல இறக்கினாள். இரும்புதானே சித்தி, உடையாது என்றேன். அவள் அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள்.

தரையில் குப்புறப் படுத்து, கட்டம் போட்ட தாளில் புள்ளிகளைச் சேர்த்தேன். டீச்சர் சொன்ன கோடு வந்தேவிட்டது. சித்தி சாயாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள்.

“ரெண்டே முக்கால் கிலோவுக்கு எவ்வளவு இறங்கும் மோளே?”

ரெண்டு, மூன்று என்று கேட்டால் கௌரவமாக இருக்கும். அதென்ன முக்கால்? இருந்தாலும் சித்தி ஆசைப்பட்டுக் கேட்கிறாள். கால் கிலோக் கல் சேட்டனிடம் இருக்கிறது, வாங்கி வந்து வைத்தே பார்த்துவிடலாம் என்று எழுந்தேன்.

“வேண்டாம். வைக்காம தெரிஞ்சுக்க முடியுமா?”

டீச்சர்கூட என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. முடியும், கோடு போடுவதே அதற்குத்தான் என்றேன். தாளில் ரெண்டே முக்காலில் விரலை வைத்து, நேராக மேலே ஏறி, கோட்டைத் தொட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்பது என்று அறிவித்தேன்.

“பாத்தியா சித்தி? வைக்காத எடைக்கும் கோடு பதில் சொல்லும்.”

சுவரில் அந்த ஒன்பதையும் குறிக்கச் சொன்னாள். குறித்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு என்றாள். அழுத்திப் போட்டேன்.

டீச்சர் என் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். பேனா ஸ்பிரிங் கொண்டுவந்தவர்களை நான் ஒரு பார்வை பார்த்தேன். சாயங்காலம் அந்தச் செய்தியோடு சித்தி வீட்டுக்கு ஓடினால், தூளியை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. உள்ளே கல் எதுவும் இல்லை. சேலை மடிப்புக்குள் கையை வைத்து அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். தூளியின் அடி நான் அழுத்திப் போட்ட கோட்டில் இம்மி பிசகாமல் நின்றது. அவள் ஆட்டவில்லை, விடவும் இல்லை. சித்திக்கும் விஞ்ஞானத்தில் ஆர்வம் வந்துவிட்டதென்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை முடிந்து வந்த சித்தப்பா, கையில் சோற்றுப் பாத்திரத்தோடு என் பின்னால் நின்றுவிட்டார். அவருக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று நான் விளக்கினேன்.

“சித்தி சரியா ரெண்டே முக்கால்ல பிடிச்சிருக்கு, பாருங்க சித்தப்பா.”

அவர் உள்ளே வரவில்லை. பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் கிரீஸ் கையை விட்டு அவ்வளவு லேசில் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.