யாரையும் பார்க்காமல் தோற்றவனுக்கு ஒரு கோப்பை

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருமுடிவாக்கத்தில் ஒரே ஒரு லேத்தோடு தொடங்கி, இன்று ஆறு லேத் ஓட்டுகிறேன். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. போனில் கிரிக்கெட் அணி அமைத்து விளையாடும் குழுவில் போன வருடம் சேர்ந்ததும் அப்படித்தான்.

இடையில் நின்றுபோயிருந்த 'சிறந்த புதுமுகம்' விருதை மறுபடி கொடுக்கப்போவதாக அட்மின் அறிவித்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். விருது எனக்குத்தான் என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்தேன். கடைசியில் அந்த ஒன்பதில் ஏழாவதாக வந்தேன்.

அதன் பிறகுதான் அட்மின் என்னை செம்பாக்கம் ஏரிப் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. எதைச் சொல்வதற்கு முன்பும் போன் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார். பையிலிருந்து விருதுக் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இன்னா சார், ஏழாவது வந்தவனைக் கலாய்க்கிறியா?"

போனைத் துடைத்தார். "மத்த எட்டு பேரும் நம்ம குரூப் சீனியருங்க டீமை அப்படியே காப்பி அடிச்சவங்க சார். இந்தக் காப்பியாலதான் அப்போ விருதையே நிறுத்தினேன். நீங்க மட்டும் காயம்பட்டு ஊருக்குப் போன ஆளை மூணு மேட்ச் கேப்டனா வச்சீங்க. அந்தத் தப்பை யாரைப் பார்த்தும் பண்ண முடியாது."

"அவன் ஆடலைன்னு எனக்கு யாருமே சொல்லலியேப்பா!"

"நீங்க யாரையும் கேக்கலியே சார்."

கோப்பை இப்போது முதல் லேத்துக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுகிறேன். அவர் என்னைப் பாராட்டினாரா, கிண்டல் செய்தாரா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். நான்தான் யாரையும் கேட்பதில்லையே.