வெறுங்காலோடு கிணற்றடி வரை

பளையில் எங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றிய குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. வெயிலில் கறுத்த முகம், முழங்காலில் தேய்ந்த காற்சட்டை. வேலைக்காக மண்ணில் முழங்காலிடும் முன் வேதாகமத்தில் வரும் பெயரொன்றை முணுமுணுப்பார். ஒருநாள் ஆபிரகாம், ஒருநாள் ரூத்.

காணியைக் கையளித்த அன்று, வேலியடியில் நின்ற எனக்குக் கால் எழவில்லை.

"பேதுரு படகாலை இறங்கிக் கடலுக்கு மேலையே நடந்தவர். வாங்கோ அண்ணை."

"அவர் மூழ்கப் பாத்தவரெல்லே?"

"ஓம், பயத்திலை. ஆண்டவர் கை நீட்டிப் பிடிச்சவர்."

சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். தான் துப்புரவாக்கிய மண்ணில் வெறுங்காலோடு கிணற்றடி வரை நடந்தார். அவருடைய காலடித் தடங்களில் மட்டும் கால் வைத்து நானும் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வரும்போது அந்தத் தடங்களை நான் தேடவில்லை.