சந்தனம் வைத்த ரிவால்வர்

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் சரஸ்வதி பூஜைக்கு என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிவால்வரும் உட்கார்ந்திருந்தது. புத்தகத்துக்குக் கிடைத்தது ஒரு பொட்டுதான். ரிவால்வருக்கோ மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், பிடியைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. அந்த வருஷம் நான் கணக்கில் தேறாமல் போனதற்கு இந்தப் பாரபட்சம்தான் காரணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. காஜா பேராங்கில், செட்டி கம்போங் என்கிற குடியிருப்பை ஒட்டிய ஒரு வாடகை ஓட்டு வீட்டில் இருந்தோம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த அக்கம்பக்கத்தார் நாம் கும்பிடும் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறும் இருக்கும், பேச்சு மட்டும் மலாய். அம்மா மலாய் கற்றுக்கொண்டது அவர்களோடு வேலிக்கு மேல் குழம்பும் சம்பாலும் மாற்றிக்கொண்டபோதுதான்.

அப்பாவுக்கு நகை வியாபாரம். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் தாலிக்கும் தோட்டுக்கும் ஆர்டர் எடுத்து, செய்து கொண்டுபோய்க் கொடுப்பார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். தங்கமோ எங்கள் படுக்கையறை இரும்புப் பெட்டியில் இருக்கும். ஒருநாள் பட்டப்பகலில், நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், யாரோ சமையலறை ஓட்டைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். பெட்டியைத் திறக்க முடியவில்லை. அந்த எரிச்சலை அம்மாவின் ஊறுகாய் ஜாடிமேல் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

செய்தி உஜோங் பாசிரில் இருந்த பெரியப்பாவுக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் அவரும் அவருடைய காரும் எங்கள் வாசலில். பெரியப்பா நல்லவர். ஆனால் அவர் நல்லது செய்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"ஆம்பள இல்லாத வீட்ல தங்கத்தையும் புள்ளையையும் வச்சிக்கிட்டு என்னா இது? மூட்டையக் கட்டுங்க. எல்லாரும் அங்க வந்திருங்க."

மறுநாளே இரண்டு பெரிய தகரப் பெட்டிகளை அனுப்பிவைத்தார். அம்மா பித்தளைப் பாத்திரங்களைத் துணியில் சுற்றி முதல் பெட்டியில் அடுக்கினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் கடல். வீட்டுக்குள் கூரையில் சுற்றும் காற்றாடி, ரேடியோ, விளையாட ஆறு பிள்ளைகள். அம்மா கல்யாணமானதும் ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள். நான் பிறந்ததும் அங்கேதான். விசேஷத்துக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் அம்மா உட்காரவே மாட்டாள். நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லாத வீட்டில் ஏன் நின்றுகொண்டே இருக்கிறாள் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அந்த முறை மட்டும் என்ன ஆயிற்றோ, இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டு நடந்தவர், போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தார். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையால் வந்த அவசரகாலம் இன்னும் முடியாத சமயம். நகை வியாபாரிகளுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பயணத்தில் அதை எடுத்துப்போக அப்பாவுக்குத் தைரியமில்லை. வழிமறிப்பவன் துப்பாக்கிக்காகவே உயிரை எடுப்பான் என்பார். அவர் இல்லாதபோது அது வீட்டில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இருக்கலாம், ஆனால் வீட்டில் இருப்பவர் பெயரும் லைசென்சில் இருக்கவேண்டும், அந்த ஆள் போலீஸ் ரேஞ்சில் வந்து சுட்டுக்காட்டித் தேறவும் வேண்டும் என்றார்களாம்.

வீட்டில் இருப்பவர் என்றால் அம்மாதான். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். அம்மா தேறினால் நாங்கள் காஜா பேராங்கிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் அடுத்த வாரமே தகரப் பெட்டிகள் உஜோங் பாசிருக்கு ஏறவேண்டும். அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். இரண்டாவது பெட்டி காலியாகவே கூடத்தில் கிடந்தது.

துப்பாக்கி வாங்க எல்லோருமாகப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணியை விரித்து மூன்றை வைத்தார். பெரியப்பா நீளக் குழல் வைத்த பெரிய ரிவால்வரைத் தூக்கினார். பெரியப்பா தன் சொந்தக் கடையில் வைத்திருந்ததும் அதே ஜாதிதான்.

"துப்பாக்கின்னா பார்த்தாலே திருடனுக்குக் காய்ச்சல் வரணும்லா. இத எடு."

அப்பாவின் கை அதை நோக்கி நகர்ந்துவிட்டது. அதற்குள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அம்மா முன்னால் வந்தாள். புது அரிவாள்மணை வாங்கும்போது பார்ப்பதுபோலப் பார்த்தாள். பெரியதைத் தூக்கினாள், அதன் மூக்கு தானாகத் தரையைப் பார்த்தது, கீழே வைத்துவிட்டாள். சின்னப் பிஸ்டலின் மேல்மூடியைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள், பாதி தூரம்தான் வந்தது, அதையும் வைத்துவிட்டாள். மூன்றாவது நடுத்தரமான ஒரு ரிவால்வர். குழல் குட்டை. பிடியைச் சுற்றி அவள் விரல்கள் முழுசாக மூடின, விரல் சிரமமில்லாமல் விசைக்குப் போய்ச் சேர்ந்தது.

"இது போதும்."

"இது என்னா, பாக்குவெட்டியா?" என்றார் பெரியப்பா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்கப் போறது அவதானேண்ணே," என்றார். அண்ணனிடம் அப்பா அவ்வளவு நீளமாக எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மேடு, அதன்முன் வரிசையாகக் காகிதக் குறிகள், நடுவில் கறுப்பு வட்டம். பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய் போலீஸ் சார்ஜன், மீசையைத் தவிர வேறெங்கும் அவருக்குச் சதை கிடையாது. அப்பா விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். இருந்தாலும் எப்படியோ தேறி லைசென்ஸ் வாங்கிவிட்டார். அம்மா கண்ணை மூடுவதில்லை. ஆனால் அவள் தோட்டாக்கள் வட்டத்தைச் சுற்றிப் பிரதட்சணம் செய்தனவே தவிர உள்ளே நுழையவில்லை. குழல் நுனியில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அதைத்தான் பார்க்கவேண்டும், காகிதத்தைப் பார்க்கக்கூடாது என்று சார்ஜன் திரும்பத் திரும்பச் சொல்வார். அம்மாவின் கஷ்டமே அங்கேதான் இருந்தது. மேடும் கறுப்பு, வட்டமும் கறுப்பு. ஒன்றுக்குள் ஒன்று போய்த் தொலைந்துவிடுகிறது என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் வெறும் ரிவால்வரை வைத்துப் பழகினாள். முதலில் தோட்டா போடும் உருளையைத் திறந்து, கழுவிய டம்ளரைக் காட்டுவதுபோல் எங்கள் இருவரிடமும் காட்டுவாள். பிறகு சுவரில் இருந்த முருகன் காலண்டருக்குப் பாவம் பார்த்து, அதைத் திருப்பி மாட்டிவிட்டு, வெறும் பின்பக்கத்தைக் குறிபார்ப்பாள். குழல் நுனியில் ஒரு காசை வைப்பது என் வேலை. காசு விழாமல் விசையை அழுத்தவேண்டும், அது சார்ஜன் சொல்லிக்கொடுத்த வித்தை. முதல் வாரம் நான் காசு பொறுக்கியே களைத்தேன். புரட்டாசி பிறந்ததும் காசு விழுவது நின்றுபோனது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், அம்மா கூடத்தில் கை நீட்டி நிற்பாள், காசு அசையாது.

தேர்வுக்கு விஜயதசமி அன்று காலை நாள் குறித்தார்கள். முதல்நாள் ஆயுத பூஜை.

எங்கள் குடும்பத்தில் பூஜை என்றால் பெரியப்பா கையால்தான். தன் கடையில் முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், தராசு, நகை பற்றும் சாமணம், என் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை எல்லாவற்றையும் மணையில் வைக்கச் சொன்னார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"ஆயுத பூஜைல ஆயுதம் எங்க? கொண்டா அந்தப் பாக்குவெட்டிய."

அம்மா ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா சந்தனத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர். உருளைமேல் ஒரு பட்டை, பிடிமேல் ஒரு பட்டை, குழலில் ஒரு பட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று குழல் நுனியிலும் ஒரு அப்பு. சூடம் காட்டிக் கும்பிட்டாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை வரை யாரும் தொடக்கூடாது. படிக்கவேண்டாம் என்பதால் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது. அம்மா மட்டும் கடைசிநாள் பயிற்சி போனதே என்று மணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி எடுத்தபோது உருளை சுற்றவில்லை. சந்தனம் உள்ளே வழிந்து இறங்கி, சுண்ணாம்பு பூசிய சுவராகக் காய்ந்து இறுகியிருந்தது. அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. துடைத்துப் பார்க்கவும் நேரமில்லை. பெரியப்பாவின் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போட்டிக்கு அவரும் கிளம்பியிருந்தார். மெர்டேக்காவை முன்னிட்டு லைசென்ஸ்காரர்களுக்கு அன்றைக்கே ஒரு வெள்ளிக்கோப்பைப் போட்டி. தோட்டத்துத் துரைமார்கள், தவுக்கேக்கள், கணக்கெழுதும் கிராணிகள் என்று ரேஞ்சில் ஒரே கூட்டம்.

சார்ஜன் ரிவால்வரை வாங்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவர் போலீஸ் வாழ்க்கையில் இத்தனை மணமான துப்பாக்கியைக் கண்டிருக்கமாட்டார். பிறகு வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னார், அம்மா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். ஆனால் மனுஷர் தங்கமானவர். எண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் வரவழைத்து, ஓரமாக உட்கார்ந்து, மல்லிகைக் காம்பு வரை எடுத்துச் சுத்தம் செய்தார். உருளை சுற்றியது. அவர் உருளையின் ஒவ்வொரு தோட்டா அறையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, குழலைச் செம்மண் மேட்டுப் பக்கம் நீட்டி அம்மாவிடம் காட்டினார். கடைசியாகத் துணியைக் குழல் நுனிக்குக் கொண்டுபோனார். அப்போது அம்மா சட்டென்று கையை நீட்டினாள்.

"இத்து பியார், துவான்."

அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். நுனி மேட்டில் ஒரு மிளகளவு சந்தனம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. சார்ஜன் தானும் ஒரு கண்ணை மூடிக் கறுப்பு வட்டத்தை நோக்கிக் குறிபார்த்தார். அவர் மீசை மெல்ல விரிந்தது. ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். ஆறு தோட்டாவில் நான்கு கறுப்புக்குள் போகவேண்டும். காதில் பஞ்சை அடைத்திருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அப்பா தான் சுடாதபோதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் எங்கள் கூடத்தில் நிற்பதுபோல நின்றாள். காகிதத்தை எடுத்து வந்தார்கள். ஆறும் உள்ளே.

சார்ஜன் அதோடு விடவில்லை. தேறியவர்கள் கோப்பைக்கும் சுடலாம் என்று அம்மாவின் பெயரைத் தானே சொல்லிவிட்டார். பெரியப்பாவின் முறை முதலில் வந்தது. அவருடைய பெரிய துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் அவரை ஓரடி பின்னால் நகர்த்தியது. செம்மண் மேட்டுக்குப் பாதி, வானத்துக்குப் பாதி என்று பகிர்ந்து கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்தான், ஜாசின் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர், எங்கள் அம்மா. துரை நன்றாகத்தான் சுட்டார். அம்மா சுட்ட காகிதத்தில் வட்டத்தின் நடுவே ஒரே ஒரு பெரிய ஓட்டைதான் இருந்தது. மற்ற தோட்டாக்கள் எங்கே என்று தேடிய பிறகுதான் எல்லாமே அதே ஓட்டை வழியாகப் போயிருக்கின்றன என்று தெரிந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. துரை தொப்பியைக் கழற்றினார். சீனத் தவுக்கே, "நான் வித்த துப்பாக்கி, நான் வித்தது!" என்று எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். நான் சார்ஜனின் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. மெர்டேக்கா என்று ஊரெல்லாம் கத்தியது ஆகஸ்ட்டில்தான், எனக்கு அது வந்தது விஜயதசமியில்.

பெரியப்பா கொஞ்ச நேரம் தன் துப்பாக்கியை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து கூட்டத்தைப் பார்த்து, "நான் வச்ச சந்தனம்! நுனில வச்சேன் பாருங்க!" என்று முழங்கினார்.

"ஆமா, எல்லாம் பெரியப்பா வச்ச சந்தனம்தான்," என்று அம்மா என்னிடம் சொன்னாள், அவருக்குக் கேட்கும்படி. அதற்குப் பிறகு பெரியப்பா சாகும்வரை அந்தக் கதையை விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோப்பையைத் தெருமுழுக்கக் காட்டிவரலாம் என்று நான் துள்ளினேன். அம்மா ரிவால்வரைத் துடைத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினாள். நாளைக்கும் சுடப் போகலாமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரையையே தோற்கடித்தவள் இப்படியா பேசுவாள்?

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பித்தளைப் பாத்திரமாகத் துணியைப் பிரித்து, புளி போட்டுத் துலக்கி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள், அரை விரல் நகர்த்துவாள், மறுபடி பார்ப்பாள். வேலை செய்யும்போது அம்மா பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் முடிந்ததும் கூடத்தில் எங்களுடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெடிமருந்துப் புகை இன்னும் கண்ணை எரிக்கிறது போலிருக்கிறது என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"அப்ப நாம உஜோங் பாசிருக்குப் போகலையாம்மா?"

"இல்லடி, போகல," என்று சொல்லி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரித்தாள், மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். கடல் போச்சே, ரேடியோ போச்சே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அம்மா ஒரு வெள்ளிக்கோப்பையை ஜெயித்திருக்கிறாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஜெயித்தது அது ஒன்றுதான் என்று நினைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.