முந்நூறு கன்றும் ஒரு பனிச்சறுக்கும்

அந்த வீடியோவை இன்னும் யாராவது எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று ஆம்பிளைகள், காலில் பாக்கு மட்டை, கையில் மூங்கில் கம்பு, தலையில் பைக் ஹெல்மெட். மலைச்சரிவில் சறுக்கி வந்து குட்டிக்கரணம் போடுகிறார்கள். மேலே 'அந்தமானில் பனிச்சறுக்கு' என்று எழுதியிருக்கும். மெயின்லேண்டிலிருக்கும் என் நாத்தனார்கூட அனுப்பி, 'உங்க ஊர்ல ஒரே ஜாலிதான் அண்ணி' என்று போட்டிருந்தாள். பதில் எழுதினால் நல்ல வார்த்தை வராது என்று விட்டுவிட்டேன்.

அது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை. ரங்கத் பஜாரிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். வீட்டுக்காரருக்கு ஹேடோவில் துறைமுக வேலை, குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு, லீவு கிடைத்தால் பஸ் ஏறி வருவார். தோட்டம் என் பொறுப்பு. போன மழைக்கு முந்நூறு பாக்குக் கன்று நட்டிருந்தேன். காய் பொறுக்கி, பையில் முளைக்கப் போட்டு, ஒரு வருஷம் வளர்த்து, நானே குழி வெட்டி நட்டவை. முதல் கோடையைத் தாண்டிவிட்டால் பாக்குக் கன்று பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு கோடைக்காகத்தான் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் எங்களுக்குத் தண்ணீர் என்றால் மலைமேல் இருக்கும் ஓர் ஊற்றுக்குழிதான். அது பக்கத்து வீட்டு மாசியின் நிலத்தில் இருக்கிறது. மாசி என்றால் சித்தி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வங்காளி, புருஷன் இல்லை, கத்தரியும் மிளகாயும் போட்டு பஜாரில் விற்பாள். அங்கிருந்து என் பைப் ஒன்று வீட்டருகே இருக்கும் தொட்டிக்கு இறங்குகிறது. ஒரு நாள் அவள் முறை, ஒரு நாள் என் முறை. குழிக்குள் ஒரு மூங்கில் நட்டு அதில் ஒரு வெட்டு போட்டிருக்கிறோம். தண்ணீர் அந்த வெட்டுக்கு இறங்கியதும் பைப்பை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். மூடினால் மறுநாளைக்குள் குழி மறுபடி ஊறிவிடும். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆறு கோடையாக ஒரு வார்த்தை மிஞ்சாமல் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. அதற்கு முந்தின நாள்தான் வீட்டுக்காரர் இரண்டு கூட்டாளிகளோடு வந்திறங்கினார். ஒருவர் கிரேன் ஓட்டும் தெலுங்கர், பாவம், வாய் திறக்காத மனுஷன். இன்னொருவர் எல்டிசி எடுத்து, அரசாங்கப் பயணச் சலுகையில் மனாலி போய் வந்தவர். அங்கே வாடகைக்குச் சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பனியில் நின்றிருப்பார். அதற்குப் பிறகு மூன்று மாதமாக ஹேடோவில் வேறு பேச்சே இல்லையாம். எங்கள் சரிவைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி என்பதற்கு இந்தியில் பாபி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"பாபி, இந்த ஸ்லோப் மனாலியிலகூட இல்ல. புல்லு நல்லா காஞ்சிருக்கு. பாக்கு மட்டை போதும், பாருங்க."

காலை முழுக்க அதே வேலை. நான் அடுப்புக்கென்று அடுக்கி வைத்திருந்த மட்டைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்தார்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீறி ரப்பர் செருப்போடு சேர்த்துக் கட்டினார்கள். தோட்டத்துக்கு ஒரு குடம் தூக்காத மனுஷன், என் வீட்டுக்காரர், மட்டையின் நுனியை நெருப்பில் வாட்டி மேல்பக்கம் வளைக்கிற நேர்த்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பத்து தடவை நன்றாகத்தான் போனது; மனாலிக்காரர் போனைக் கல்லில் சாய்த்து வைத்து எடுத்த அந்த வீடியோ அப்போதையதுதான். பிறகு புல் தேய்ந்து மண் தெரிந்தது, மட்டை சிக்க ஆரம்பித்தது. மனாலிக்காரர் யோசனை சொன்னார்: பனி என்றாலும் தண்ணீர்தானே, கொஞ்சம் நனைத்தால் போகும். சரிவின் ஓரமாகவே என் கறுப்பு பைப் இறங்குகிறது. வீட்டுக்காரர் போய் நடுவில் இருந்த ஜாயின்டைப் பிடுங்கிவிட்டார். இன்றைக்கு நம்ம முறைதானே என்று கணக்கு. மேலே போய்க் குழியை யார் பார்ப்பது?

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் மீன் குழம்பை இறக்கிவிட்டு நானும் பின்னால் போனேன். சரிவில் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? முகம் சுளித்தேன். "ஒரே ஒரு தடவை வாங்க பாபி" என்றார் மனாலிக்காரர். "அவளுக்கெல்லாம் பயம்" என்றார் வீட்டுக்காரர். அதுதான் குத்தியது. பெரிய மட்டை ஒன்றைப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, உட்கார்ந்து வழுக்கினேன். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. ஏறிப் போய் மறுபடி வழுக்கினேன். மூன்றாவது தடவையும். தெரிந்தேதான் வழுக்கினேன்.

சாப்பிட்டு அவர்கள் படுத்த பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தேன். தண்ணீர் மூங்கிலின் வெட்டையும் தாண்டி ஒரு முழம் இறங்கி, அடியில் வெறும் சேறு. அந்தச் சேறும் உறிஞ்சப்பட்டு பைப்பின் வாயை அடைத்திருந்தது. எனக்கும் இல்லை, நாளைக்கு மாசிக்கும் இல்லை. ஓடி வந்து வீட்டுக்காரரை எழுப்பிக் கத்தினேன்.

"விடு, ராத்திரிக்குள்ள ஊறிடும்" என்றார்.

"ஏப்ரல்லயா? நீங்க ஒரு கோடை இங்க இருந்து பார்த்திருக்கீங்களா?"

சாயங்காலம் மாசியே வந்துவிட்டாள். குழியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள், பாதம் முழுக்கச் சேறு. நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு இந்தியில் அளந்தார். மான் வந்து மிதித்து ஜாயின்ட் கழன்றுவிட்டது மாசி, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இங்கே மான் தொல்லை எல்லோருக்கும் உண்டு, நம்பக்கூடிய பொய்தான். மனாலிக்காரர் வேறு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

மாசி அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஹிரண் ஹஸ்தா பி ஹை க்யா?"

மான் சிரிக்கவும் செய்யுமா என்று கேட்டாள். என் சேலையின் பின்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பொய்யை அவர் சொன்னதைவிட, அதை நான் நிற்க விட்டதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கள் விடியற்காலை பஸ்ஸில் மூவரும் ஹேடோவுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் வாளியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாசி ஏற்கெனவே குழிக்குள் இறங்கி டப்பாவால் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். நானும் இறங்கினேன். வெயில் ஏறும்வரை அள்ளினோம். பைப்பில் குச்சி விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தோம்.

"மாசி, மான் இல்ல. நாங்கதான். நானும்தான்" என்று இந்தியில் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். அவளுடைய நாற்றுப் பாத்தி ஏற்கெனவே துவண்டுவிட்டது என்றாள். இனி மழை வரும்வரை எனக்கு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தருவாளாம். பிறகு கேட்டாள்: "உன் கன்று எத்தனை?"

"முந்நூறு."

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். அடியில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர் கசிந்திருந்தது.

"பாதிக் கன்றை மட்டும் வச்சுக்கோ" என்றாள். "எந்தப் பாதின்னு இன்னைக்கே முடிவு பண்ணு. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினா எல்லாம் போயிடும்."

கோபத்தில் சொல்லவில்லை, விவரம் தெரிந்து சொன்னாள். அன்று மத்தியானம் தோட்டத்தில் நின்று பிரித்தேன். வாழை நிழல் நன்றாக விழுந்த மேல் வரிசைகளை வைத்துக்கொண்டேன். கீழ் வரிசைகளை விட்டேன். அவையும் பச்சையாகத்தான் நின்றன, சில மேல் வரிசைக் கன்றுகளைவிட உயரமாகவே. தொட்டியோ கீழே வீட்டருகில். ஒவ்வொரு குடத்தையும் அந்தக் கீழ் வரிசைகளுக்கு நடுவே நடந்துதான் மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தேன்.